நின்றால்தான் பருவம்

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்கு வருவதற்கு முன்பே கொட்டகைக் கதவில் அந்தத் தாளை ஒட்டியிருந்தார்கள். நான்கு மூலையிலும் பசை தடவி, காற்றடித்தால்கூட அசையாதபடி ஒட்டியிருந்தார் எங்கள் மேனேஜர். கன்று போட்ட மாட்டுக்கு ஒரு நாளாவது இந்த அக்கறையோடு வைக்கோல் பரப்பியிருப்பாரா மனிதர் என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

"கழிவு மாடுகள்: பதினொன்று. காரணம்: கன்று ஈன்று ஐந்து மாதம் கடந்தும் பருவம் கண்டறியப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். பொறுப்பு: பருவம் பார்க்கும் பெண்."

பருவம் பார்க்கும் பெண் நான்தான். கழிவாமே, கழிவு! தினம் இரண்டு வேளையும் பால் கொடுக்கிற மாட்டுக்கு இவர்கள் வைத்த பெயர் அது. அந்த லாரி எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஏறின மாடு எதுவும் திரும்பி வந்ததில்லை.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. இது நாற்பத்திரண்டு மாடுகள் உள்ள பண்ணை. கறக்க ஆள் தனி, தீவனம் போட ஆள் தனி. நான் பார்க்க. ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு அரை மணி நேரம், மாடுகள் நடுவில் நின்று பார்க்க வேண்டும். "நின்னு வேடிக்கை பாக்கிறதுக்கெல்லாம் ஆள் வெப்பாங்களா?" என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார். வேடிக்கைதான், ஆனால் கண் இருக்க வேண்டிய வேடிக்கை. மாடு கன்று போட்டு இரண்டு மாதம் போனால் மறுபடி பருவத்துக்கு வரும். இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் அரை நாளோ முக்கால் நாளோதான். அந்த நேரத்தைப் பிடித்துச் சொன்னால் சினை ஊசி போடலாம். தவறவிட்டால் இன்னொரு இருபத்தொரு நாள் போச்சு.

எப்படிப் பிடிப்பது? பருவத்து மாடு மேல் மற்ற மாடு தாவும். எல்லாரும் இங்கேதான் கோட்டை விடுவார்கள். தாவுகிற மாட்டைப் பார்த்துவிட்டு அதுதான் பருவத்தில் இருக்கிறது என்பார்கள். தாவ எது வேண்டுமானாலும் தாவும், அதற்கு அன்றைக்கு உற்சாகம், அவ்வளவுதான். மேலே ஒரு பாரம் விழுந்தும் நகராமல், அசையாமல், நாலு காலையும் ஊன்றி எது நிற்கிறதோ அதுதான் பருவத்தில் இருக்கிறது. நின்றால்தான் பருவம். எட்டு வருடம் இந்தப் பண்ணையில் ஒரு மாடு என் கண்ணுக்குத் தப்பியதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

இது ஒன்பதாவது வருடம். எட்டு மாதத்துக்கு முன்னால் முதலாளி எங்கேயோ ஒரு பெரிய பண்ணையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு எங்கள் கொட்டகையின் பழைய தரையை, கோடு கோடாகக் கீறின சொரசொரப்பான சிமெண்ட் தரையை, மூடி மெழுகி அதன் மேல் பச்சை நிறத்தில் வழவழவென்று ஒரு பூச்சுப் பூசச் சொன்னார். குழாயால் தண்ணீர் அடித்தால் சாணி தானாக ஓடிப் போகும். முகம் பார்க்கலாம். கொட்டகையின் ஒரு பக்கம் இடுப்பு உயரத்தில் கம்பி பிடித்த ஒரு மேடை உண்டு. முதலாளி செருப்பில் சாணி படாமல் அதில் நடந்து, விருந்தாளிகளுக்குத் தரையைக் காட்டுவார். "பாருங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கா இல்லையா?" என்பார். அவர்களும் தலையாட்டுவார்கள். மாட்டை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பின்பக்கம் ஒரு மண் களம் இருந்தது. மத்தியானம் மாடுகள் அங்கே போய் நிற்கும், படுக்கும், ஒன்றையொன்று முட்டி விளையாடும். மடியில் மண் ஒட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குள் மண் வரலாமா என்று அந்தக் கதவையும் பூட்டினார்கள். சாவி மேனேஜர் இடுப்பில் ஏறியது.

புதுத் தரை போட்ட நாலாம் நாள் அழுத்தக்காரி விழுந்தாள். அழுத்தக்காரி என்பது நான் வைத்த பெயர், பண்ணைக் கணக்கில் அவள் பதினேழு. பிடிவாதக்காரி. தொட்டிக்கு வரச் சொன்னால் நிற்பாள், நிற்கச் சொன்னால் நகருவாள். ஒரு கிடேரி மேல் தாவப் போனாள். பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் சறுக்கி, தொப்பென்று நெஞ்சு அடிபட விழுந்தாள். எழுந்திருக்க முடியாமல் அவள் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. தார்ப்பாய் விரித்து ஐந்து பேர் தூக்கி நிறுத்தினோம். அன்றிலிருந்து அவள் அந்தத் தரையில் ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்கு யோசிப்பாள். அவள் மட்டுமா? பார்த்துக்கொண்டிருந்த மாடெல்லாம் அன்றைக்கே பாடம் படித்துக்கொண்டன. காலை அகட்டி, தலையைத் தாழ்த்தி, சுவர் ஓரமாகவே போகும், வரும். தாவுவது என்ற பேச்சே நின்றுபோனது.

தாவாவிட்டால் நான் எதைப் பார்ப்பது? வாலுக்கடியில் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும், அதையாவது பார்க்கலாம் என்றால் நாளைக்கு நாலு தடவை தண்ணீர் அடித்துத் தரையோடு மாட்டின் பின்பக்கத்தையும் கழுவிவிடுகிறார்கள். அப்படியும் இரண்டு மூன்று தடவை வழும்பைப் பார்த்து ஓடிப் போய்ச் சொன்னேன்.

"நின்னுச்சா?" என்றார் மேனேஜர்.

"நிக்கல சார். எதுவும் அது மேல தாவவே இல்ல, அப்புறம் எப்படி நிக்கும்? ஆனா வழும்பு சுத்தமா இருக்கு. ஊசி போட்டுடலாம்."

"நின்னாத்தான் பருவம்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பே? நிக்கட்டும், வந்து சொல்லு."

என் பாடத்தையே எடுத்து என் வாயில் திணித்தார் மனிதர். தரையால்தான் தாவவில்லை என்று அன்றைக்கே சொன்னேன், மறுவாரம் சொன்னேன், மாதாமாதம் சொன்னேன். "ரேடியோ ஆரம்பிச்சிடுச்சு" என்பார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், நான் நிறுத்தாமல் பேசுகிறேனாம். ஒரு நாள் முதலாளியிடமே, அவர் மேடையில் நின்றபோது கீழேயிருந்து அண்ணாந்து சொன்னேன். "ஐயா, தரை வழுக்குது. மாடு தாவ பயப்படுது. சினை பிடிக்காமப் போயிடும்." அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "அதெல்லாம் மேனேஜர்கிட்ட சொல்லும்மா" என்றார். மேனேஜர் முதலாளியிடம் சொல்லச் சொல்வார். முதலாளி மேனேஜரிடம் சொல்லச் சொல்வார். நடுவில் நான் பந்து.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அந்தத் தாள். "பொறுப்பு: பருவம் பார்க்கும் பெண்." அடப்பாவிகளா!

நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது? பதினோரு மாட்டை நானா கழிவாக்கினேன்?"

"உன்னை யாரும் திட்டலையேம்மா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, பொறுப்புனு ஒரு கட்டம் இருக்கு. ஏதாவது எழுதணும்ல?"

"அப்ப காரணம்ங்கிற கட்டத்துல தரைனு எழுதுங்க."

"தரை மாட்டுக்கு என்னம்மா பண்ணும்? அது பாட்டுக்குக் கீழே கிடக்கு."

அவர் சொன்னதை அவரே ரசித்துச் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் அந்த டீ அவர் சட்டையில் இருந்திருக்கும்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் முதலில் வழக்கம்போல ஆரம்பித்தார். "தரையாலயா? ஏன், உங்க மாடெல்லாம் டான்ஸ் ஆடப் போகுதா?"

"சோப்புத் தண்ணி ஊத்தின குளியலறையில நீங்க என்னைத் தூக்குவீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைக் காஞ்ச தரையிலயே தூக்க முடியாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. "சரி சரி. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல? கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. பாக்க வை" என்றார். பதினைந்து வருடக் கல்யாணத்தில் உருப்படியாகச் சொன்ன யோசனைகளில் அது ஒன்று.

புதன்கிழமை டாக்டரம்மா வந்தார். மாதம் ஒரு முறை வருகிற மாட்டு டாக்டர், சின்ன வயசு, சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. தோள் வரை கையுறை போட்டுப் பதினோரு மாட்டையும் உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பக்கத்தில் நின்று வாலைப் பிடித்துக்கொண்டது நான். ஒவ்வொரு மாட்டுக்கும் அவர் வாயிலிருந்து என்ன வருமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நஞ்சுக்கொடி சரியாக விழாமல் உள்ளே சீழ் பிடித்திருந்தால்? சினைப்பையில் கட்டி இருந்தால்? அப்படியானால் தரை தரை என்று நான் கத்தினதெல்லாம் வீண். கடைசி மாடு அழுத்தக்காரி. டாக்டரம்மா கையை உருவி, கையுறையைக் கழற்றிப் போட்டார்.

"பதினொண்ணுமே நல்லா இருக்கு. கர்ப்பப்பை சுத்தம். சினைப்பை நல்லா வேலை செய்யுது. எல்லாமே ஒழுங்கா பருவத்துக்கு வந்துட்டுத்தான் இருக்கு."

எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "கேட்டீங்களா சார்!" என்று மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

அவர் முகம் என் முகத்தைவிட மலர்ந்திருந்தது. "கேட்டேன், நல்லாக் கேட்டேன். மாட்டு மேல குத்தம் இல்ல. மாடு அது பாட்டுக்குப் பருவத்துக்கு வந்துட்டுத்தான் இருந்திருக்கு. பாக்க வேண்டியவதான் பாக்கல. இதையே எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்."

"இல்ல சார், தரையும் ஒரு காரணமா இருக்கலாம், வழுக்குற இடத்துல மாடு..." என்று டாக்டரம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"இருக்கலாம்ங்கிறதை எல்லாம் எழுத வேண்டாம். உறுதியா தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க."

அவர் எழுதினார். குனிந்த தலை நிமிராமல் எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். அந்த அழுத்தத்தை வைத்து நான் என்ன செய்வது? பேச வேண்டிய இடத்தில் பேசாமல் கையை அழுத்துகிறார்களாம். நல்ல பெண்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேலும் கோபம்.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி வருகிற நாள். தீவனம் போடுகிற அண்ணன் என் பக்கம். அதிகம் பேச மாட்டார், ஆனால் ரோஷக்காரர். "அண்ணே, மண் களத்துக் கதவைத் திறக்கணும்" என்றேன். "சாவி அந்தாளுகிட்ட இருக்கு" என்றார். "சாவி இருந்தா உங்களை ஏன் கேக்கறேன்?" என்றேன். உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தார். கீல் ஆணிகள் இரண்டைக் கழற்றிக் கதவையே தூக்கி ஓரமாக வைத்தார். பூட்டு அதன் பாட்டுக்குத் தொங்கியது.

எட்டு மாதம். மாடுகள் முதலில் நம்பவில்லை. வாசலில் வந்து நின்று மண்ணை மோந்து பார்த்தன. மூக்கி என்கிற மாடு முதலில் ஒரு காலை வைத்தது. மண்ணில் குளம்பு பதிந்ததும் அது நிமிர்ந்து பார்த்ததே, அதை நான் மறக்கவே மாட்டேன். அடுத்த நிமிடம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். பின்னாலேயே மற்றவையும் தடதடவென்று ஓடின. கன்றுக்குட்டி மாதிரித் துள்ளின, மண்ணைக் கிளறின, முட்டிக்கொண்டன. முதலாளியின் கார் சத்தம் கேட்டது. அவரும் மேனேஜரும் மேடையின் கடைசிக்கு ஓடி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"யாரைக் கேட்டுத் திறந்தே?" என்று மேனேஜர் கத்தினார்.

"கத்தாதீங்க சார், பாருங்க. ஐயா, நீங்களும் பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மூக்கி மேல் இருபத்துமூன்றாம் எண் மாடு தாவியது. மூக்கி நின்றாள். நாலு காலையும் மண்ணில் ஊன்றி, சிலை மாதிரி. இறங்கினது, மறுபடி தாவினது, மறுபடி நின்றாள். அந்தப் பக்கம் சீமாட்டி மேல் இன்னொன்று தாவியது. அவளும் நின்றாள். இரண்டுமே பதினொன்றில் சேர்ந்தவை. மேனேஜர் அவசர அவசரமாக நோட்டை எடுத்து, "இருபத்துமூணு" என்று எழுதினார். தாவின மாட்டின் எண்ணை! ஆறு வருடமாக மாட்டுப் பண்ணையில் மேனேஜராக இருக்கிற மனுஷன்! "சார், அது கன்னு போட்டு ஒரு மாசம்கூட ஆகல. அடியில நின்னது யாருன்னு பாத்து எழுதுங்க" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன். தீவனக்கார அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"ஐயா, பாத்தீங்கள்ல?" என்றேன். "கொட்டகைக்குள்ள எட்டு மாசமா ஒண்ணு மேல ஒண்ணு தாவல. மண்ணுல விட்டு பத்து நிமிஷம் ஆகல. மத்ததும் அதது நாள் வரும்போது வரும். இருபத்தொரு நாள் குடுங்க. இந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். பதினொண்ணையும் நான் பிடிச்சுக் காட்டறேன்."

முதலாளி முகத்தில் ஒரு யோசனை ஓடியது. ஓடினதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"சார், நேத்து டாக்டர் சொன்னதுதான் இது. மாடு பருவத்துலதான் இருக்கு. இப்ப நாமளே நேர்ல பாத்தாச்சு. பத்து நிமிஷத்துல நமக்கே தெரியுது, எட்டு மாசமா இவளுக்குத் தெரியல!"

கேட்டீர்களா நியாயத்தை! நான் காட்டினதை வைத்தே எனக்குக் குழி. முதலாளி தலையை ஆட்டினார். மேலே நிற்பவர்களுக்கு மேலே நிற்பவர் சொல்வதுதான் காதில் விழும் போலிருக்கிறது.

"சரி. நின்ன ரெண்டை நிறுத்திக்கோ. மீதி ஒன்பது நாளைக்குப் போகட்டும், லாரிக்குச் சொல்லியாச்சு" என்றார். "கதவை மாட்டச் சொல்லு. அந்தம்மாவுக்கு வேற வேலை பாத்துக் குடு."

வேறு வேலையாம். என்னைச் சாணி அள்ளச் சொல், சந்தோஷமாக அள்ளுகிறேன். ஆனால் அந்த ஒன்பது? ஒரு குறையும் இல்லாத ஒன்பது மாடு, ஒரு மனிதருடைய பளபளப்பு ஆசைக்காக லாரி ஏற வேண்டுமா? அன்றைக்கு வீட்டில் நான் ஒரு வாய்ச் சோறு சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கேலியும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லாரி வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. சாய்ந்த பலகையை இறக்கிவிட்டு டிரைவர் பீடி பற்றவைத்தார். தரையை அப்போதுதான் கழுவியிருந்தார்கள், பச்சை மினுமினுத்தது. முதலாளி மேடையில். மேனேஜர் கீழே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கயிறு. முதலில் பிடித்தது அழுத்தக்காரியை. அவள் கொட்டகையின் நடுவில் நின்றிருந்தாள். இழுத்தார். நகரவில்லை. "ஹை ஹை" என்றார். அவள் காதைக்கூட அசைக்கவில்லை. பலமாக இழுக்க அவர் கம்பியை விட வேண்டும். கம்பியை விடவும் அவருக்குத் தைரியம் இல்லை.

"ஏய் ரேடியோ, வந்து பிடி. உன் பேச்சைத்தான் கேக்கும்."

"அது மட்டும் நடக்காது சார். வேற வேலை குடுக்கச் சொல்லியிருக்காங்க, இந்த வேலை எனக்கு வேண்டாம்."

"அண்ணே, நீ வாய்யா."

தீவனக்கார அண்ணன் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, "எனக்கு முட்டி வலி" என்றார். அவருக்கு முட்டி வலி இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்த பண்ணைக்கும் போக வேண்டுமாம்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மாட்டைப் பிடிச்சு ஏத்த இத்தனை பேர்ல ஒரு ஆள் இல்லையா?"

எனக்கு அப்போதுதான் தோன்றியது. முன்கூட்டி யோசித்தெல்லாம் வைக்கவில்லை. மேனேஜர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு மாட்டின் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு வழுக்காது, என் பாதம் எட்டு மாதமாக அந்தத் தரையில் நடை பழகியிருக்கிறது.

"ஐயா, நீங்க வாங்க" என்றேன். "உங்க மாடு, உங்க தரை. பத்து அடிதான். நீங்க வந்து கயித்தைப் பிடிங்க, நான் பின்னாலேர்ந்து தட்டறேன். அழுத்தக்காரி ஏறிடுவா."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேடைப் படியில் விடுவிடுவென்று இறங்கினார். முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாவது அடியில் இடது செருப்பு அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போனது. "சார்!" என்று கத்தின மேனேஜர் கம்பியை விடவில்லை. முதலாளி இரண்டு கையையும் விரித்து, குனிந்து, நிமிர்ந்து, இன்னும் குனிந்து, நாலைந்து குட்டி அடி சறுக்கிக்கொண்டே வந்து அழுத்தக்காரியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவள் காலை அகட்டி ஊன்றி நின்றாள். எட்டு மாதமாக நின்று பழகினவள் இல்லையா? அவள் மட்டும் அசைந்திருந்தால் அவர் பல் தரையில் இருந்திருக்கும்.

அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. வெள்ளைச் சட்டை முழுக்க மாட்டின் ஈரம். ஒரு காலை நகர்த்திப் பார்த்தார், அது வழுக்கியது, பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டார். நகர முடியவில்லை அவருக்கு.

"கயிறு இதோ ஐயா, பிடிங்க" என்றேன்.

"இரும்மா, இரு."

"அவசரமே இல்ல. கயிறு வேண்டாம்னா இன்னொண்ணு செய்யுங்க. அப்படியே அது மேல தாவுங்க."

டிரைவர் புகை புரையேறி இருமினார். மேனேஜர், "ஏய், என்ன பேசற!" என்றார், கம்பியிலிருந்து.

"தப்பா ஒண்ணும் பேசல சார். ஐயா, உங்களுக்கு ரெண்டு காலு, ஒரு ஆள் எடை. நிக்கறதுக்கே மாட்டைக் கட்டிப் பிடிக்கிறீங்க. அதுக்கு அம்மாம் பெரிய உடம்பு. முன்னங்கால் ரெண்டையும் தூக்கிட்டு, பின்னங்கால் ரெண்டுல, இதே தரையில நிக்கணும். ஒரு தடவை விழுந்து எழுந்த மாடு, எப்படித் தாவும்? அது தாவலைன்னு எனக்குக் கண்ணு தெரியலைங்கறீங்க. கழிவுங்கறீங்க. யாரு கழிவு ஐயா? பதில் சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் நிக்கறேன், எனக்கு வழுக்காது."

முதலாளி கீழே பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரித் தரையாயிற்றே.

"டிரைவர்" என்றார், தலையைத் திருப்பாமல். திருப்பினால் விழுந்துவிடுவோம் என்ற பயம். "வண்டியை எடுத்துட்டுப் போப்பா. ஒண்ணும் ஏத்தல."

"சார், சொல்லியாச்சே..." என்றார் மேனேஜர்.

"நீ வாயை மூடு. அந்த மண் கதவைத் திற."

மேனேஜர் கம்பியைப் பிடித்துப் பிடித்து, சுவரைத் தடவித் தடவிக் கதவு வரைக்கும் போனார். அந்த இருபது அடிக்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கதவு திறந்ததும் மாடுகள் சுவரோரமாக ஒவ்வொன்றாக நகர்ந்து வெளியே போயின. லாரி பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது.

அழுத்தக்காரியும் திரும்பினாள். முதலாளி அவள் கழுத்தை விடவில்லை, விட முடியவில்லை. அவள் ஓர் அடி வைத்து யோசிக்க, அவரும் ஓர் அடி வைத்து யோசித்தார். அப்படியே இரண்டு பேரும் கதவைத் தாண்டி மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். மண்ணில் கால் பட்டதும் அவர் கையை எடுத்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. வெறும் காலால் மண்ணை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். சட்டையைத் தட்டி, தலைமுடியைச் சரிசெய்து, என்னைப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம், அதையும் சொல்ல வேண்டும்.

"ஏம்மா, தரை இப்படி வழுக்குதுன்னு நீ எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அழுத்தக்காரியின் கழுத்திலிருந்து அவிழ்த்த கயிறு என் கையில் இருந்தது. கையில் இருந்தால் அவருக்கு ஆபத்து என்று அதை எடுத்துக்கொண்டு போய், தொலைவில் ஒரு கம்பத்தில், மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு வந்துதான் அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.